மூன்று தட்டுக்கு ஒரு தட்டு

நான் நாற்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். விடை தெரியாத கணக்கைக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது எழுதப்போவது அப்படிப்பட்ட ஒன்று. இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. குறிப்பாக, மணிக்கணக்கை எவரும் ஐயுற வேண்டா. அன்று என் கையில் கடிகாரம் இருந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. எங்கள் பண்ணையில் 'வாலு' என்றால் நான்தான். கன்றுக்குட்டியின் முகத்தில் அப்பாவின் சவர நுரையை அப்பியவன். வாய்க்கால் மடையைத் திறந்து அவரைப் பாத்தியை ஏரியாக்கியவன். சித்தப்பா கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தபோது ஏணியை எடுத்து ஒளித்து வைத்தேன். இரண்டு மணி நேரம் அவர் மேலிருந்தபடியே என் பரம்பரையைத் திட்டினார். "அது உங்க பரம்பரையும்தானே?" என்று கீழிருந்து அம்மா கேட்ட பிறகே ஓய்ந்தார்.

எங்கள் கிடங்கின் மூலையில் ஒரு பத்தாயம் இருந்தது. தானியம் கொட்டி வைக்கும் மரப்பெட்டிதான். ஆனால், இரண்டு ஆள் உயரம். நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்பின் இருபுறமும் இரண்டு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் உச்சியில் ஒரு மூடி, அதற்கொரு தாழ்ப்பாள். அந்நாளில் இடப்புற அறை மூடிவரை சோளத்தால் நிரம்பியிருந்தது. வலப்புற அறை காலி.

அந்தப் பத்தாயத்திற்கு ஒரு விதி உண்டு. மூடியை அடைக்கும் முன்பும், தானியம் கொட்டும் முன்பும் வெளியிலிருந்து மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே துப்புரவு செய்வோர் எவரேனும் இருந்தால் ஒரே ஒருமுறை திருப்பித் தட்ட வேண்டும். கதிரடிக்கும் இயந்திரம் ஓடும் நாளில் வாய்விட்டுக் கூப்பிட்டால் காதில் விழாது. ஆகவே, சித்தப்பா தட்டிவிட்டு உள்ளங்கையைப் பலகையில் வைத்துக் காத்திருப்பார். கையில் அதிர்வு தெரியாவிட்டால், உள்ளே ஆள் இல்லை. விதியை ஏற்படுத்தியவர் யாரென்று அப்பாவுக்கே தெரியாது.

அன்று கதிரடிப்பு. பகல் 12:50. அப்பா முகம் கழுவுவதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சன்னலில் வைத்தார். இருட்டில் எண்களும் முட்களும் பச்சையாய் ஒளிரும் கடிகாரம். மணி பார்க்க நான் கற்று ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. அதை இருட்டில் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது?

1:05. ஏணியில் ஏறிக் காலி அறைக்குள் குதித்தேன். அடியில் மிஞ்சிக் கிடந்த சோளம் முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. வார் பெரிது, கடிகாரத்தை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டேன்.

1:12. தட்... தட்... தட்...

சித்தப்பா! நாலு மணிக்கு மூட்டைகள் வரும்வரை எலி இறங்காதிருக்க மூடியை அடைக்க வந்திருந்தார். பதில் தட்டினால் திருட்டு வெளிப்படும். நான் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மூடி விழுந்தது. தாழ்ப்பாள் சறுக்கியது.

பச்சை எண்கள் பளிச்சென்று எரிந்தன. என்ன அழகு! அந்த மகிழ்ச்சி எட்டு நிமிடம் இருந்தது.

1:20. இயந்திரம் உறுமத் தொடங்கியது. எட்டிக் குதித்தேன். மூடி எங்கோ உயரத்தில் இருந்தது. கத்தினேன். உமித்தூசி தொண்டையை அடைத்தது. குதிக்கக் குதிக்கக் கால்கள் சோளத்தில் புதைந்தன.

அப்போதுதான் நாலு மணி நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு என் பந்து இதே அறைக்குள் விழுந்தது. கொட்டிய நாலாவது மூட்டையில் அது மறைந்துபோனதை நான் மேலிருந்து பார்த்திருந்தேன்.

2:35. குரல் போய்விட்டது. தடுப்புப் பலகையில் சாய்ந்து, அழுதுகொண்டே விரல் முட்டியால் தட்டினேன். மூன்று முறை.

...தட்.

ஒரே ஒருமுறை. பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து.

மறுபடியும் மூன்று தட்டினேன்.

...தட்.

விதிப்படி அதற்கு ஒரே பொருள்தான். 'உள்ளே நான் இருக்கிறேன்.'

ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பயமாகப் படவில்லை. துணை கிடைத்ததாகவே பட்டது. பலகையில் வாயை வைத்துக் கம்மிய குரலில் சொன்னேன்: "நீயும் மாட்டிக்கிட்டியா? அழாதே. நான் வெளியே போனதும் உன்னையும் திறக்கச் சொல்றேன். சத்தியமா."

...தட்.

அதன் பிறகே எனக்கு உறைத்தது. அந்த அறை மூடிவரை சோளம். அங்கே நிற்க இடமில்லை. மூச்சு விடவும் இடமில்லை.

3:31. நான் குதித்ததில் சோளம் ஒதுங்கியிருந்த மூலையில், பலகையின் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. குனிந்து பார்க்கக் கையை ஊன்றினேன். வியர்வையில் கடிகாரம் வழுக்கி, இடுக்கின் வழியே அந்தப் பக்கம் போய்விட்டது.

பச்சை ஒளி தெரிந்தது. விரலை நீட்டினேன்.

ஒளி... சற்று நகர்ந்தது.

விரலை மீட்டுக்கொண்டேன்.

ஒளி மேலே எழும்பியது. பலகையில் இருந்த மெல்லிய பிளவின் வழியே பார்த்தேன். ஒரு சாண்... இரண்டு சாண்... என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

முட்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன.

3:44.

நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை.

3:58. இயந்திரம் நின்றது.

4:02. வெளியே காலடி. மூட்டைகள் இறங்கும் சத்தம்.

தட்... தட்... தட்...

தட்ட வேண்டும். ஒரே ஒரு தட்டு.

கை எழவில்லை. குரல் இல்லை.

"என்னண்ணே, ஊத்தலாமா?" என்றார் மூட்டைக்காரர்.

"இருப்பா... காலிதான்னு நினைக்கறேன்" என்றார் சித்தப்பா.

என் நெஞ்சுக்கு நேரே...

தட்.

"ஏய், நிறுத்து! உள்ளே ஆள் இருக்கு!"

மூடி திறந்தது. வெளிச்சம். கயிறு. சித்தப்பாவின் வியர்வை மணம். "கடைசி நேரத்துல தட்டினியே, வாலு! பிழைச்சே போ!" என்று என்னை இறுக அணைத்துக்கொண்டு அழுதார்.

தட்டியது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா வந்து, "கடிகாரம் எங்கேடா?" என்றார். சன்னலில் இருந்து எடுக்கவே இல்லை என்று சாதித்தேன். அப்படிச் சாதித்தவன், அதற்குப் பின் பத்தாயத்தைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? வாக்குக் கொடுத்ததை மறைத்தேன். இரண்டே நாளில், மறக்கவும் தொடங்கினேன்.

அந்த ஆண்டே இரண்டு அறைகளும் காலியாயின. கடிகாரம் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை. பெரியவனான பின் அப்பாவிடம் விசாரித்தேன். பத்தாயத்தில் எவரும் இறந்ததில்லை; எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் காணாமற்போனதில்லை. அவர் பொய் பேசுபவர் அல்லர்.

சென்ற ஆண்டு, கிடங்கு சாய்ந்துவிட்டபடியால், பத்தாயத்தைப் பிரிக்க ஒரு தச்சரை அழைத்தேன். பகல் மூன்றரை மணியளவில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, நடுத்தடுப்பு ஒத்தைப் பலகை இல்லீங்க. ரெண்டு பலகை. நடுவுல நாலு விரல் இடைவெளி. மேலே சட்டம் போட்டு ஆணி அடிச்சு அடைச்சிருக்காங்க. அடியில வலப்பக்கத்துல மட்டும் ஒரு இடுக்கு."

"எதற்காக அப்படிச் செய்தார்கள்?"

"முப்பது வருசமா இந்த வேலை செய்றேன், எனக்கே தெரியலீங்க. உள்ளே இது கிடந்துச்சு."

அப்பாவின் கடிகாரம். கண்ணாடி உடையவில்லை. முட்கள் 4:02இல் நின்றிருந்தன.

என்னை அதிர்ந்து உட்கார வைத்தது அந்த நேரமல்ல. என் கையிலிருந்து வழுக்கி விழுந்த கடிகாரத்தின் வார், அப்பாவின் கைக்கான மூன்றாம் துளையில் மாட்டியிருந்தது. இப்போதோ, கடைசித் துளைக்கும் வெகு அப்பால், தோலில் பல்லால் கடித்துக் கடித்து ஏற்படுத்தியதைப் போல ஒரு புதுத் துளை. அதில் வார் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

அந்த வளையத்தின் சுற்றளவை நானே நூல் வைத்து அளந்தேன். பதினோரு சென்டிமீட்டர். இரண்டு, மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டு.

பலகைகள் விறகாகிவிட்டன. அந்த இடம் இப்போது வெறும் தரை. கடிகாரம் என் மேசைமேல் இருக்கிறது. வாரை நான் அவிழ்க்கவில்லை. ஒரு நாள் மாலை, எவரும் இல்லாத நேரம் பார்த்து, அதனருகே மேசையில் மூன்று முறை தட்டினேன்.

பதில் இல்லை.

உள்ளே ஆள் இல்லை என்று விதி சொல்கிறது. அப்படியானால், பலகையைப் பிரித்த அன்று நாங்கள் வெளியே விட்டது யாரை?