நடுவில் வந்த பூக்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பத்துக்குத்தான் காரியம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் அப்பா. தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்ததும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்கச் சொல்வது அவர் வழக்கம். அன்றும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் தரையைப் பார்த்தார். அங்கே சித்தப்பா, வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படத்தைப் பிளேடால் நான்காக அறுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டு ஸ்கேலை அழுத்திப் பிடித்திருந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஹப்சிகுடாவில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பணிமனையில் இயந்திரப் பாகங்களின் வரைபடங்களை நகலெடுக்கும் வேலை. சித்தப்பா அவருடைய தம்பி, எங்களோடுதான் இருந்தார். இரண்டு வேலைகளில் சேர்ந்து இரண்டையும் விட்டிருந்தார். இரண்டாவதை விட்ட அன்று, அதுவரை வரைந்திருந்த படங்களையெல்லாம் கிழித்து மொட்டைமாடியில் போட்டுக் கொளுத்தினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

பாலாநகரில் பரிசுப்பொருள் சுற்றும் காகிதம் அச்சடிக்கும் பிரஸ் ஒன்று இருந்தது. அதன் முதலாளியை எல்லோரும் சேட் என்பார்கள். கல்யாண சீசனுக்கு ஒரு டிசைன் போட்டுக் காட்டு, பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மாலை எங்கள் பக்கம் ஒரு விசேஷத்துக்கு வருகிறவர், ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் மறுநாளே சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர வேண்டும். அப்பா யார் யாரிடமோ சொல்லி வாங்கி வைத்திருந்த இடம் அது. சாப்பிடும்போது அப்பா இதை மறுபடியும் சொன்னார். சித்தப்பா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்பா தூங்கப் போனதும் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். படம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். மாங்காய் வடிவங்கள், அவற்றைச் சுற்றி ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழும் மல்லிகைப் பூக்கள். இதையே திரும்பத் திரும்பச் சேர்த்து அச்சடித்தால்தான் முழுக் காகிதம். முந்தின நாள் எடுத்து வந்திருந்த ஜெராக்ஸ் பிரதிகளை இருவருமாகத் தரை முழுக்க ஒட்டி ஒட்டிப் பரப்பினோம். நான் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தேன். பூக்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தெருக்கள் ஓடின. நீளவாக்கில் சில, குறுக்கே சில, எங்கள் ஊர் அமீர்பேட் சந்துகள் மாதிரி.

கீழே இறங்கி ஒரு பிரதியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் தெரு இல்லை. மறுபடி ஏறினேன். இருந்தது. ஒன்றில் இல்லாதது, பலவற்றைச் சேர்த்தால் எங்கிருந்து வரும்? எதற்கெடுத்தாலும் ‘கைக்கு’ என்று கேட்டுத் துளைப்பேன் அப்போது. பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட இந்தி. ‘ஏன்’ வாயில் வராது.

“கைக்கு சித்தப்பா, ரோடு வந்துச்சு?”

“ஓரத்துல இடம் விட்டுட்டேன், கைக்கு ராணி.”

கல்யாணத்துக்குக் கொடுக்கிற காகிதத்தில் பாதிப் பூ இருந்தால் அபசகுனம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் எந்தப் பூவும் ஓரத்தில் வெட்டுப்படாதபடி, நான்கு பக்கமும் கொஞ்சம் தள்ளியே நிறுத்தியிருக்கிறார். ஒரு தாளில் அந்த இடைவெளி கண்ணில் படவில்லை. இரண்டு தாள்களின் ஓரங்கள் சேர்ந்ததும் தெருவாகிவிட்டது.

அவர் பதறவில்லை. ஒரு பிரதியை நான்காக மடித்து வெட்டி, துண்டுகளை மூலைக்கு மூலை இடம் மாற்றி வைத்துக் காட்டினார். இடது மேல் துண்டு வலது கீழே போயிற்று. வலது மேல் துண்டு இடது கீழே. வெளியே இருந்த ஓரங்களெல்லாம் உள்ளே வந்து, வெள்ளைத் தெரு நடுவில் ஒரு கூட்டல் குறியாக நின்றது. இப்போது வெளியே போன ஓரங்களோ, சற்று முன்புவரை நடுவில் ஒன்றாக இருந்தவை. அதனால் அடுத்த தாளோடு தாமாகவே பொருந்தும். பாதிப் பூவும் அங்கே முழுப் பூவாகிவிடும். நடுவிலிருக்கும் கூட்டல் குறியில் பூ வரைந்து மூடிவிட்டால் போதும். நான் நம்பவில்லை. பிரதிகளாக வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்தின.

பிறகுதான் அவர் அசலை எடுத்து வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

அப்பா கண்டது அதைத்தான். சாப்பாட்டு நேரத்துப் பேச்சுக்குத் தம்பி பதில் சொல்கிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். “டேய், மறுபடியுமாடா?” என்று பாய்ந்து சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். பிளேடு சித்தப்பாவின் வலது ஆள்காட்டி விரலில் இறங்கியது. என் விரல்கள் இன்னும் ஸ்கேலின் மேல் இருந்தன, அவ்வளவு பக்கத்தில். இன்றைக்கும் என் மகள் பள்ளி வேலைக்காகக் கட்டரைக் கையில் எடுத்தால், அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து நிற்கிறேன். நீ போம்மா என்கிறாள். போக முடிவதில்லை.

அம்மா ஓடி வந்து விரலில் ஈரத்துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தாள். அப்பாவை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரத்தம் பிரதிகளின் மேல் சொட்டியிருந்தது; அசல் தப்பித்திருந்தது.

“கிழிக்கலண்ணா,” என்றார் சித்தப்பா. “இத இப்படித்தான் பண்ணணும்.”

இடது கையால் நான்கு துண்டுகளையும் இடம் மாற்றி வைத்தார். அப்பா நின்றபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். வரைபடங்களோடே வாழ்கிறவருக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. துண்டுகளைச் சேர்த்துப் பின்பக்கம் டேப் ஒட்டியது அப்பாதான். சித்தப்பா இடது கையால் தூரிகையைப் பிடித்து ஒரு பிரதியில் வரைந்து பார்த்தார். பூ வரவில்லை, புழு மாதிரி ஏதோ நெளிந்தது. சேட் வருவதற்கு அதிக நேரமில்லை.

“நகரு,” என்றார் அப்பா. மூக்குக்கண்ணாடியையும் காம்பஸ் பெட்டியையும் எடுத்து வந்தார்.

“மல்லிகைக்கு எத்தனை இதழ்?”

“உன் இஷ்டம்ணா.”

“இஷ்டம்னா எத்தனைடா?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு என்று அப்பாவே முடிவு செய்தார். வட்டம் போட்டு, ஆறாகப் பிரித்து, பென்சில் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் வைத்தார். சித்தப்பா சொல்லச் சொல்ல நான் வண்ணம் குழைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் சாய்த்துப் போடச் சொன்னார் சித்தப்பா. சாய்த்துவிட்டேன் என்றார் அப்பா. சாயவில்லை. அவர் பூக்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நிமிர்ந்து நின்றன. எனக்கு அந்தப் படத்திலேயே அவைதான் அழகாகத் தெரிந்தன.

சேட் ஆறரைக்கு வந்தார். டீ வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, படத்தை வாங்கிக் குழாய் மாதிரி சுருட்டினார். இடது ஓரமும் வலது ஓரமும் சேர்ந்தன. சேர்ந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். பிறகு மேலும் கீழும் சேரும்படி சுருட்டித் தேடினார். எங்கேயும் தெரு இல்லை. படத்தை விரித்து நடுவில் விரல் வைத்தார்.

“யே பூலாங் நக்கோ,” என்றார்.

இந்தப் பூக்கள் வேண்டாமாம். மற்றதெல்லாம் காற்றில் உதிர்கிறதாம், இவை மட்டும் கவாத்துக்கு வந்த போலீஸ்காரர்கள் மாதிரி நிற்கின்றனவாம். யார் போட்டது என்று கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். இவன்தான் போட்டான், விரலில் வெட்டு, அதனால் கை விறைத்துவிட்டது என்று இந்தியில் சொன்னார். அது பொய் என்று சொல்ல நான் எழுந்தேன். அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் பூக்களை ஒருவர் வீட்டுக்கு வந்து கேலி செய்கிறார், அவரோ அதுவரை நான் பார்த்திராத மாதிரி முகமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். சேட் வேகமாகப் பேசியதில் அப்பாவுக்குப் புரியவில்லை போலும். சேட் போனதும் நான்தான் மெதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேட் படத்தைச் சித்தப்பாவிடம் நீட்டினார். விரல் ஆறட்டும், நடுவை மட்டும் அழித்து நீயே மறுபடி போடு என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, அப்பாவைப் பார்த்து இந்தியிலேயே சொன்னார்:

“உங்க தம்பி கை எனக்கு வேணும். நாளைக்கே அனுப்பிடுங்க.”