வயிற்றுப்புண் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் நான் நர்ஸ். மருந்தைப் பற்றி நோயாளியிடமே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது நன்றாகத் தலையாட்டியவள்.

பூலாம்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், வயித்துப்புண்ணுன்னே சொல்லுங்க" என்று அவருடைய மகன் கெஞ்சினார். நானும் அப்படியே சொல்லி மாத்திரைகளைக் கொடுத்தேன்.

அடுத்த முறை அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணையும் பஸ்ஸில் கூட்டி வந்தார். "இவளுக்கும் வயித்துப்புண்ணுதாங்க. என் மாத்திரைல ஒரு அட்டை குடுத்தேன். மாசமா இருக்கேன், கேட்டுட்டுப் போடறேங்கறா."

அது புற்றுநோய் மாத்திரை; வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். அட்டையை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

அன்றே மகனையும் வரவழைத்து உட்காரவைத்து, டாக்டர் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். இப்போதெல்லாம் யார் கெஞ்சினாலும் நான் பொய் சொல்வதில்லை. "இந்த மாத்திரை எதுக்குன்னு நீங்க சொல்லுங்க" என்று நோயாளியையே சொல்லவைத்த பிறகுதான் அனுப்புகிறேன்.

அன்று உண்மையைக் கேட்ட அந்த அம்மா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா, புள்ளத்தாச்சிக்குக் குடுத்திருப்பனா?"