யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிறந்தநாள்?

பேக்கரித் தொழிலில் கேக் பொங்குமா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊர் அதைத் தின்னுமா என்பது தெரிய வருடங்கள் ஆகும். இந்தக் கதையின் முதல் நாளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதை நானே பல வருடங்களாக நம்பவில்லை. அன்று நான் கடையில் இல்லை. சொன்னவள் என் மனைவி செல்வி. அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் சொன்னால் கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியாது.

காலை ஏழு மணிக்கு இட்லிக்குப் பதிலாக வேறு எதையாவது தட்டில் வைத்துவிட்டு, வீட்டார் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

வெந்ததே இம்புட்டுதான்

சமயநல்லூரில் என் கடை. பப்ஸும் கிரீம் கேக்கும் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஐம்பதை நெருங்கும்போது ஒரு கேள்வி வந்தது. என் இரண்டு மகள்களுக்கும் காலையில் கொடுக்கத் துணிகிற ஒரு பொருளாவது நான் செய்கிறேனா? கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் பாதிப்பாதி, கருப்பட்டிப் பாகு, சோழவந்தானிலிருந்து வரும் கனிந்த நாட்டுப்பழம், மேலே கொஞ்சம் எள். இதில் ஒரு கேக். நினைக்கும்போதே கை பரபரத்தது.

முதல் தட்டை வெளியே எடுத்தேன். மாஸ்டர் பாண்டி என்னோடு பதினைந்து வருடம் அடுப்பில் நின்றவர். விரலால் தட்டிப் பார்த்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, இது இன்னும் வேகணுமா, இல்ல வெந்ததே இம்புட்டுதானா?”

நாற்பது துண்டு

மாவைத் தயிரில் ஊறவைத்தால் இளகும் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. அன்று அடுப்புக் கண்ணாடி வழியாக அது எழும்பியதைப் பார்த்தபோது பாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். கடையில் வைக்க நாள் குறித்தோம். ஒரு நாள் போட்டுப் பார்ப்பது, போகவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுவது என்று செல்வியிடம் சொன்னேன். குறித்த நாளில் அலங்காநல்லூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது.

பதினொரு மணிக்குத் திரும்பினேன். தட்டு காலி. நாற்பது துண்டும் போயிற்று என்றாள் செல்வி. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் மறுநாளைக்கு இரண்டு பங்கு மாவை ஊறப்போட்டேன். எண்பது துண்டு. மறுநாள் போனது ஒன்பது. மீதி எழுபத்தொன்று. செல்வி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, நேத்து போட்ட மாதிரி நாப்பது போடுங்க. விடணும்னு மட்டும் சொல்லாதீங்க.”

நான் விடவில்லை. அந்த நாற்பதை நம்பித்தான் தினமும் அடுப்பை மூட்டினேன். நம்பாமலும் மூட்டினேன்.

கையில் கவர்

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் ஒரு வாரம் தவறாமல் வாங்கினார். பிறகு காணோம். ருசி கெட்டுவிட்டதோ, கருப்பட்டி அதிகமோ என்று எனக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வழியில் பிடித்துக் கேட்டேவிட்டேன். நம் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு என்பதை அப்படியே மறந்திருந்தேன்.

“கேக்குல ஒரு குறையும் இல்லைண்ணே. காலங்காத்தால பேக்கரி கவரோட தெருவுக்குள்ள நுழைஞ்சா, வீட்டம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு நாலு பேரு கேக்குறாக. நேத்து ஒருத்தர் ஆரஞ்சுப் பழத்தோட பாக்கவே வந்துட்டாரு.”

ஊதியவர்

சரி, ரொட்டி மாதிரி நீளமாக இருப்பதுதான் குற்றம் என்று வட்டமாகப் போட்டேன். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் ஒருவர், பள்ளி ஆசிரியை, ஒரு முழு வட்டம் வாங்கிப் போனார். மறுநாள் சிரிப்பை அடக்கமுடியாமல் வந்தார். வீட்டில் மேஜைமேல் வட்டக் கேக்கைப் பார்த்த பிள்ளைகள் மெழுகுவத்தி குத்திவிட்டார்களாம். தாத்தா ஊதி அணைத்தாராம்.

“எல்லாரும் கை தட்டிப் பாடி முடிச்சப்புறம்தான் யாருக்குப் பொறந்தநாளுன்னு கேட்டோம்ணே. யாருக்கும் இல்லை.”

ஆக, எங்கள் ஊரில் காய்ச்சலும் பிறந்தநாளும் இல்லாத சாதாரண வியாழக்கிழமைக்கு என்று ஒரு கேக் இல்லை. அதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தட்டையாகப் போட்டுச் சதுரமாக வெட்டி, இட்லிப் பொட்டலம் போல இலையில் கட்டிக் கொடுத்தேன். எட்டு மணிக்குள் காலியாயிற்று. இந்த முறை நானே நின்று பார்த்தேன். வயலுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திய ஒரு விவசாயி ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டார்: “இந்தப் பணியாரத்தை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?”

முதல் நாள் ஆள்

போன மாதம் ஒரு நர்ஸம்மா. தினமும் எதிர் நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறவர். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டே, “நான் மொத நாள்லருந்து சாப்பிடுறேன்ணே” என்றார். அன்று எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டேன்.

“வாங்குறதா? பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு. அக்கா தட்டோட ஏறி ஆளுக்கொண்ணு குடுத்துட்டு இறங்கிட்டாங்க. ஏதோ கோயில் பிரசாதம்னு எல்லாரும் கண்ணுல ஒத்திச் சாப்பிட்டோம்.”

கோபம் வரவில்லை. அவள் கொடுத்திருக்காவிட்டால் அந்த அடுப்பு மறுநாளே அணைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, மீதி வைப்பதும் இல்லை. சாயங்காலம் செல்வி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அடுப்பின் முன் நின்ற மனிதனுக்குக் கடைசியில் மனைவியிடம் கேட்கத் தோன்றியது இது ஒன்றுதான்:

“பிரசாதம்னு நீயா சொல்லிக் குடுத்தியா, இல்ல தின்னு பாத்துட்டு அவங்களா நினைச்சுக்கிட்டாங்களா?”