அக்காவின் தோள்மேல் ஒரு கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது.

மலர் அச்சடிக்கப் போன இடத்தில், எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும்படி முன்பே எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதுமாம். அதில் ‘சுற்றம் சூழ நிறைவாழ்வு வாழ்ந்து’ என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். “எல்லாருக்கும் போடுறதுதாண்ணே, நல்லா இருக்கும்” என்றார் அச்சகத்துக்காரர். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவைச் சுற்றம் சூழ்ந்திருக்கவில்லை. அவர் தனியாக இருந்தார். அதை மறைத்து எழுதினால், அந்தத் தனிமையில் அவர் செய்து முடித்த காரியமும் சேர்ந்து மறைந்துபோகும். அதனால் நானே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது கெங்குவார்பட்டியில். மூத்தவர் அவர், கடைசி நான். நடுவில் பிறந்த இருவரும் தங்கவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட்டார். அப்பா மாந்தோப்புக் காவலுக்குப் போய்விடுவார். அக்காதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார். என் தோளில் ஒரு கையை வைத்தபடி பின்னாலேயே நடந்து வருவார். பெரியகுளம் ரோட்டில் லாரி வந்தால் அந்தக் கை அழுத்தும், நான் நின்றுவிடுவேன். லாரி போனதும் கை இளகும், நடப்பேன். என்னோடு படித்தவர்கள் “மாடு ஓட்டுறாக” என்று கேலி செய்வார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம், அதற்குள்ளேயே வீடு. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: திராட்சைக்குக் கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். கொடி பந்தலில் படரும். பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுவது, தளிர் கிள்ளுவது, குலை அறுப்பது என்று எல்லா வேலையும் தலைக்கு மேலேதான். காலையில் தூக்கிய கையை மத்தியானச் சோற்றுக்குத்தான் இறக்க முடியும். அக்கா அந்த வேலையைப் புகுந்த வீட்டில்தான் கற்றார். அத்தானைவிட வேகமாகச் செய்தார். அத்தானே இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்குக் கோபமே வராது என்று எழுதினால் சுருளிப்பட்டியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நன்றாக வரும். மழையில் பழம் வெடித்த வருடம் வானத்தைப் பார்த்து அவர் திட்டிய திட்டு ஊருக்கே தெரியும். ஆனால் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரும் பசியோடு திரும்பியதில்லை. பிள்ளை இல்லை என்ற குறையை அவர் வாயால் நான் கேட்டதும் இல்லை.

அத்தான் காலமானதும், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தேனிக்கு வந்துவிடும்படி நானும் என் மனைவியும் கூப்பிட்டோம். அங்கே என் இரும்புக் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. ஓர் அறை சும்மாத்தான் கிடந்தது. அக்கா வரவில்லை.

“உன் வீட்டுல எனக்கு ஒரு சேர் போட்டு உக்கார வச்சிருவீக. இங்கன எனக்கு வேலை கெடக்குடா” என்றார்.

வேலை இருந்தது. ஆனால் ஆள் இருக்கும் நாள் கொஞ்சம்தான். சாயங்காலம் வேலையாட்கள் கிளம்பும்போது, மினி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அக்காவும் கூடவே நடப்பார். கடைசிப் பெண் ஏறும் வரை நின்று பேசிவிட்டுத் திரும்புவார். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்காது.

அப்படி இருக்கையில்தான் வலது தோளில் வலி வந்தது. கவாத்து வேலையில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். அந்தத் தோட்டத்தில் நெடுநாள் வேலை பார்க்கும் செல்லத்தாய், “கையை ஆட்டாதீக” என்றார். எண்ணெய் தடவி விட்டவரும் அதையே சொன்னார். தேனியிலிருந்து போனில் நானும் அதையே சொன்னேன். அக்காவும் ஒரு துண்டைக் கழுத்தில் கட்டி, கையை அதில் தொங்கவிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார். வலி கொஞ்சம் அடங்கித் துண்டை அவிழ்த்தபோது, கை மார்புக்கு மேல் எழவில்லை.

இது எனக்குத் தெரியாது. ஒருநாள் கம்பத்தில் சரக்கு இறக்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே சுருளிப்பட்டிக்குப் போனேன். தோட்டத்து வாசலில் அக்கா தலைமுடியை விரித்துப் போட்டபடி நின்றிருந்தார். நம் பக்கத்தில் ஒரு பெண் அப்படி வாசலில் நிற்பது சாவு விழுந்த வீட்டில்தான்.

“யாருக்கு என்னக்கா ஆச்சு?” என்று கத்தினேன்.

“ஏலே, கத்தாத. யாருக்கும் ஒன்னும் ஆகலை. கை தூக்க வரலைடா, கொண்டை போட முடியலை. செல்லத்தாய் வந்து முடிஞ்சுவிடுவா. அதுக்குத்தான் நிக்கிறேன்.”

தன் தலையை முடிந்துவிட ஒரு கைக்காக, தினமும் காலையில் அக்கா வாசலில் நின்று வழி பார்த்திருக்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கத்தரி பிடிக்க முடியாத கைக்குத் தோட்டம் எதற்கு, இன்றைக்கே கிளம்பு என்றேன். அக்காவுக்கும் கோபம் வந்தது.

“அடுத்த கவாத்துக்குள்ள இந்தக் கையால பந்தலைத் தொட்டுக் காட்டுறேன். தொடலைன்னா நீ சொன்ன இடத்துக்கு வாரேன்.”

“தொட்டுட்டா?”

“தொட்டுட்டா, தேனிப் பேச்சை நீ எடுக்கவே கூடாது.”

சரி என்றேன். அந்தக் கை எழாது என்றுதான் நான் நம்பினேன்.

செல்லத்தாய்தான் அக்காவைக் கம்பத்தில் ஒரு பிசியோதெரபி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தவர், எலும்புக்கு ஒன்றும் இல்லை, தோள் மூட்டுத்தான் இறுகிவிட்டது, அக்காவைப் போலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், அசைக்காமல் கட்டி வைத்ததில் இன்னும் இறுகிவிட்டது என்றாராம். அன்று சாயங்காலம் அக்கா போனில் பொரிந்து தள்ளினார். “அம்புட்டுப் பேரும் ஆட்டாத ஆட்டாதன்னாக. இந்தப் பிள்ளை ஆட்டுன்னு சொல்லுது. ஆட்டுனா உசுரு போகுது.”

உயிர் போனாலும் விடவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவார். பிறகு ஒருநாள், “உன் கடையில கெணத்துக்குப் போடுற கப்பியில சின்னது இருக்கா?” என்று கேட்டார். கயிற்றோடு பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். கிணற்றுக்குத்தான் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது, அது பந்தல் கம்பியில் தொங்கியது. அதன் கீழே நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கைகளிலும் பிடித்திருந்தார். இடது கை கீழே இழுக்க, வலது கை மெல்ல மேலே போனது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வலது தோளின் மேல் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஆற்று மணலை நிரப்பி, வாயைத் தைத்து, முன்னும் பின்னும் தொங்கும்படி போட்டிருந்தார்.

“இது என்னக்கா, மூட்டை தூக்குற ஆள் மாதிரி?”

அக்கா திரும்பவில்லை. “சிரிக்க வைக்காதடா. திரும்புனா விழுந்துரும்” என்றார் நேராகப் பார்த்தபடியே. “கையைத் தூக்குறப்ப தோளும் கூடவே ஏறுதாம். ஏற விடாம மேல ஒரு அமுக்கு வேணுமாம். அதுக்குத்தான்.”

பையை எடுத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. கிணற்று மேட்டில் வெயிலில் போட்டு எடுப்பாராம். “சில்லுன்னு இருந்தா நல்லா இல்லைடா” என்றார். மருந்துச் சூடு என்று எடுத்துக்கொண்டு நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கவாத்து நேரம் வந்தது. அக்காவே போன் செய்து வரச் சொன்னார். பந்தலுக்குக் கீழே வெறுங்காலோடு நின்றார். கையைத் தூக்கினார். நெற்றிக்கு நேராக வந்ததும் கை நின்றது. முகம் சுண்டிப்போனது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை மீண்டும் நகர்ந்தது. விரல் நுனி கம்பியைத் தொட்டது. தொட்டதோடு விடவில்லை, ஓர் இலையைக் கிள்ளி என் சட்டைப் பையில் வைத்தார்.

“போ, போய்க் கடையைப் பாரு.”

செல்லத்தாய் கைதட்டினார். நானும் தட்டினேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்துவிட்டது. கை எழுந்துவிட்டது, இனி அக்கா அந்த வீட்டில் தனியாகவேதான் இருப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன. கொடுத்த வாக்குப்படி தேனிப் பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவில்லை.

அக்கா மறுபடி கத்தரி பிடித்தார். கை மீண்டும் இறுகிவிடாமல் இருக்கப் பயிற்சியையும் விடவில்லை. போன வருடம் பழம் நிறம் பிடித்த சமயத்தில் ஒருநாள், காலையில் வேலைக்கு வந்த செல்லத்தாய் வாசலில் அக்காவைக் காணாமல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. இருதயம் என்றார் வந்து பார்த்த மருத்துவர். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கொண்டை போட்டிருந்தார். “நான் முடிஞ்சு விட்டது இல்லைண்ணே, அவுகளே போட்டது” என்று செல்லத்தாய் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

காரியம் முடிந்ததும் குலை அறுத்தோம். முதல் பெட்டியைக் கம்பத்து டாக்டரம்மாவுக்குக் கொண்டு போனேன். நான் இன்னார் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்கதான் அந்தத் தம்பியா? உங்களைப் பார்க்கணும்னு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கை வந்ததுல பாதி உங்களாலதான் சார்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். “தோள் மேல ஏறாம இருக்க, வீட்டுல யாராச்சும் பின்னால நின்னு தோள்ல கை வச்சு அமுக்கிப் பிடிக்கணும்னு சொன்னேன். வீட்டுல யாரு இருக்காகன்னு கேட்டேன். தம்பி இருக்கான், அவன் பிடிப்பான்னாக. கை நல்லா எழும்பி வந்துச்சு. தம்பி சரியாப் பிடிக்கிறாகம்மான்னு நான் சொன்னா, அவுகளுக்கு அம்புட்டுச் சந்தோஷம். தினமும் பிடிக்கிறாகளே, அவுகளுக்குக் கை வலிக்காதான்னு கேட்டேன். ‘அவன் இரும்புக் கடைக்காரன், வலிக்காது. கடைப் பேச்சு பேசிக்கிட்டே சில நேரம் ஓங்கி அமுக்கிருவான், அப்பத்தான் எனக்கு வலிக்கும்’னு சிரிச்சாக.”



“அது மணல் பை டாக்டரம்மா” என்றேன். “மஞ்சள் பையில மணலை அள்ளித் தச்சு, தோள்ல போட்டுக்கிட்டாக. அங்கன யாரும் இல்லை.”

டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தார். “சொல்லியிருந்தா நான் தினமும் இங்கனயே வரச் சொல்லியிருப்பேனே” என்றார்.

“அதுக்குத்தான் சொல்லியிருக்க மாட்டாக.”

யாரும் இல்லை என்ற வார்த்தை அக்காவின் வாயில் வராது. அதைச் சொல்வதைவிட ஆற்றுக்குப் போய் மணல் அள்ளுவது அவருக்கு எளிது.

அக்காவின் தலையை முடிந்துவிட்ட செல்லத்தாய்க்கும், வலியென்று கத்தியபோதெல்லாம் பொறுத்துக்கொண்டு அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், கம்பத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் நாட்களில் அக்கா ஓடி வரும்வரை வண்டியை நிறுத்தி வைத்த மினி பஸ் நடத்துநருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த சுருளிப்பட்டி, கெங்குவார்பட்டிச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். கப்பியும் கயிறும் பந்தலிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மணல் பையை மட்டும் தேனிக்கு எடுத்து வந்தேன். மொட்டை மாடியில் வெயிலில் வைத்து எடுத்து, சில நாட்கள் என் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பெரியகுளம் ரோட்டில் லாரி வரும்போது என் தோளை அழுத்திய அதே அமுக்கு. அக்கா பின்னால் நிற்பது போலவே இருக்கிறது. மணல் ஆறும் வரைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

— அக்காவின் தம்பி, தேனி