கம்பிக்கு முன்னால் ஒரு கண்ணாடி

கிட்டார் வாசிப்பதற்கான எண் குறிப்பை டேப் என்போம். அதில் 7b9 என்று இருந்தால், கிட்டார் கழுத்தின் ஏழாவது கட்டத்தில் கம்பியை அழுத்தி, ஒன்பதாவது கட்டத்தின் சுரம் கேட்கும்வரை தள்ளி வளைக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒருநாள் அப்படி வளைக்கும்போது அறுந்து, கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. அதன்பிறகு b என்ற எழுத்தைப் பார்த்தாலே விரல் மரத்துப்போகும். வளைக்காமல், விரலை ஒன்பதுக்கு நகர்த்தி ஒப்பேற்றிவிடுவேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் எங்கள் குழுவின் கச்சேரி. எங்கள் டிரம்மர் ஃபாரூக் தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். மேடை ஏறுமுன் கேட்டான்: "ஏன்டா அந்த 7b9 வர்ற எடத்துல மட்டும் வளைக்க மாட்டேங்கிற?"

"கண்ணு போயிடும்னு பயமா இருக்குடா."

அவன் சிரிக்கவில்லை. இரும்புத்தூள் கண்ணில் தெறிக்காமலிருக்கப் பட்டறையில் போடும் கண்ணாடியை பைக்கிலிருந்து எடுத்துவந்தான். "இத மாட்டிக்க. இப்ப தள்ளு."

அந்த இடம் வந்தது. மூன்று விரல்களைச் சேர்த்துத் தள்ளினேன். சுரம் மெல்ல ஏறி ஒன்பதைத் தொட்டது. தொட்ட மறுநொடி கம்பி அறுந்து, கண்ணாடியில் 'டிக்'கென்று அடித்தது. இமைத்துப் பார்த்தேன், கண் தெரிந்தது. மிச்சத்தை அடுத்த கம்பியில் வாசித்து முடித்தேன்.

பயம் இன்னும் போகவில்லை. பயப்படாதே என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி எடுத்துக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.