கொட்டாஞ்சேனைக்குப் பார்சல் கொண்டுபோன நாள்

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் வேலைக்குப் போனவர்கள் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று வாசிகசாலையில் கேட்டார்கள். டாக்டர்மார், நர்ஸ்மார் எழுதுவார்கள், நான் என்னத்தை எழுத என்று இரண்டு தரம் மறுத்தேன். மூன்றாம் தரம் கொப்பியும் பேனையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மறுக்க வெட்கமாக இருந்தது.

நான் வெள்ளவத்தையில் ஓர் இடியப்பக் கடைக் குசினியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். மா குழைப்பேன், பிழிவேன், அவிப்பேன். முழங்கால் நோ வந்த பிறகு இருந்துகொண்டு பிழிவது மட்டும்.

1. தரையில் போட்ட வட்டம்

ஊரடங்கு போட்ட முதல் நாட்களில் கடை பூட்டு. பிறகு சாப்பாடு அத்தியாவசியம் என்றார்கள். எங்கள் முதலாளி அலைந்து திரிந்து பாஸ் எடுத்தார். முதலில் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கடைக் கதவு திறக்கக் கூடாது. பிறகு கதவு திறக்கலாம், ஆட்கள் உள்ளே வரக் கூடாது. அதற்குப் பிறகு உள்ளே வரலாம், இருந்து சாப்பிடக் கூடாது. இருந்து சாப்பிடலாம், ஒரு மேசைக்கு இரண்டு பேர் என்று வந்தது. மறுபடியும் பூட்டு. முதலாளி ஒவ்வோர் அறிவித்தலையும் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார். எது திரும்பி வருமோ தெரியாது என்று பழையதைக் கிழிக்க மாட்டார். கதவில் தாள் நிறைந்து, பகலிலும் உள்ளே லைட் போட வேண்டி வந்தது.

ஒருநாள் பீ.எச்.ஐ. மாத்தயா, அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்தார். சனம் நிற்பதற்குக் கடை வாசலில் மஞ்சள் பெயின்டால் வட்டம் போடச் சொன்னார். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவே மூன்று அடி. தானே நாடா பிடித்து அளந்தார். பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே நாங்கள் எட்டுப் பெண்கள், ஒரே மேசை. பிழிகிறவள் தட்டை நீட்ட, அவிக்கிறவள் கைக்குக் கை வாங்க வேண்டும். மூன்று அடி தள்ளி நின்றால் தட்டு நிலத்தில்தான் விழும். ஆவி அடித்து அவருடைய கண்ணாடி வெள்ளையாகிப் போனது. அதைக் கழற்றித் துடைத்தார், எங்களைப் பார்த்தார், "ஹரி, ஹரி", சரி சரி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் நின்று அவிக்கிற புஷ்பம் சொன்னாள்: "கொரோனாவுக்கு வாசல்ல மட்டுந்தான் வேலை போல ராணியக்கா. குசினிக்குள்ள வர அதுக்குப் பாஸ் குடுக்கல."

மாஸ்க்குக்குள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

2. உண்மையைச் சொன்னது

எனக்கு ஓர் அக்கா மட்டும்தான். கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி ஒன்றில், கீழ்த்தட்டில் மகள் சுமதியோடு இருந்தார். நாங்கள் பிறந்ததும் கொட்டாஞ்சேனைதான். நான் கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தேன், அவர் அங்கேயே இருந்துவிட்டார். அக்காவுக்குப் பிரஷர், சலரோகம், ஒரு கண் மங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்துப் போவேன். தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, கால் நகம் வெட்டிவிடுவேன். நகம் வெட்ட சுமதியை அவர் விடமாட்டார். "உவள் சதையோட வெட்டுவாள்" என்பார்.

ஊரடங்கில் அது நின்றுபோனது. பிறகு அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே போகலாம் என்று வந்தது. என் இலக்கத்துக்கு உரிய நாளில் ஓட்டோ ஒன்று பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். காலி வீதி என்கிற பெரிய ரோட்டில் பொலிஸ் மறித்தது. அட்டையைப் பார்த்தார்கள். இலக்கம் சரி.

"கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று ஒருவர் கேட்டார்.

அக்கா வீட்டுக்கு என்று சொன்னேன்.

சாமான் வாங்கலாம், மருந்து வாங்கலாம், வேலைக்குப் போகலாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் வீடு எங்கேயோ தூரத்தில் இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஓட்டோக்காரர் என்னை ஏசினார். "வேலைக்கெண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பான் தானே அம்மா? உங்கட பேக்குக்குள்ள கடைக் கடிதம் கிடக்கெண்டு சொன்னீங்களே!"

கடிதம் இருந்தது. ஆனால் அது இடியப்பம் பிழியப் போவதற்குத் தந்த கடிதம். அதைக் காட்டி அக்கா வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் அதே இடத்தில் அதே கடிதத்தைக் காட்டி வேலைக்குப் போனேன். பஸ்ஸுக்குள் நாங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

இடையில் கொஞ்ச நாள் எல்லாம் திறந்தது. அப்போது நாலைந்து ஞாயிறு போனேன். அக்காவின் நகமெல்லாம் வளைந்து வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனையை மட்டும் தனியாக அடைத்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. வெள்ளவத்தையில் புடவைக் கடைகள் திறந்திருந்தன.

3. ரெண்டும் வேறை

அடைத்த இடங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக எங்கள் கடைக்குப் பாஸ் கிடைத்தது. வட்ஸ்அப்பில் ஓடர் வரும். ஒருநாள் காலையில் முதலாளி லிஸ்டை வாசித்தார். அதில் அக்காவின் தொடர்மாடி இருந்தது. வீட்டு இலக்கமும் இருந்தது. இருபது இடியப்பம், சம்பல், சொதி. சுமதி அனுப்பிய ஓடர்.

வேனில் பார்சல் கொடுக்கப் போகிறவர் குடியிருக்கிற ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, முந்தின நாள் அடைத்துவிட்டார்கள். அவர் வரவில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு முன்னுக்கு வந்தேன். இருபத்தாறு வருடத்தில் முதலாளியிடம் நானாக ஒன்று கேட்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, நான் போகட்டே?"

முதலாளி லிஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பிறகு சொன்னார்.

"ராணியக்கா, வடிவாக் கேளுங்கோ. நீங்கள் பார்சல் குடுக்கப் போறியள். அக்காவைப் பார்க்கப் போகேல்லை. ரெண்டும் வேறை. விளங்குதோ?"

"ஓம் தம்பி."

"முன் கடைக்காரன்ர ஆள் தாய் வீட்டுக்குள்ள பத்து நிமிசம் இருந்திட்டு வந்ததுக்கு அவன்ர பாஸைப் பறிச்சுப்போட்டாங்கள். எங்கட பாஸ் போனா எட்டுக் குடும்பம். ஒரு சொல்லுக் கதைக்கப்படாது. வைச்சிட்டு வாறதுதான்."

நான் தலையாட்டினேன். உள்ளே போய் இருபது இடியப்பத்தையும் நானே பிழிந்தேன். அக்காவுக்குப் பிரஷர் என்பதால் உப்பில்லாமல் தனியாக மா குழைத்தேன்.

வேன் ஓட்டுகிறவர் நிமல், களனிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, நாற்பது வயது இருக்கும். என்னை அம்மே என்றுதான் கூப்பிடுவார். கடைத் தொப்பி, மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் முகமூடி, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் அவர்தான் எனக்குப் போட்டுவிட்டார். "அம்மே, தன் டொக்டர் கெனெக் வகே," என்று சிரித்தார். இப்போது டாக்டர் மாதிரி இருக்கிறீர்கள் என்று.

தடுப்பில் பொலிஸ் வேனுக்குள் குனிந்து பார்த்தது. "வெடட்டத யன்னே?" வேலைக்கா போகிறாய் என்று என்னைத்தான் கேட்டார்கள்.

"ஒவ் மாத்தயா." ஓம் ஐயா என்றேன்.

விட்டுவிட்டார்கள். நான் சொன்னது பொய்யில்லை.

4. மேசையின் அந்தப் பக்கம்

தொடர்மாடி வாசலில் கயிறு கட்டி, ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டிருந்தார்கள். நாங்கள் பார்சலை மேசையில் வைத்துவிட்டு மூன்று அடி பின்னுக்குப் போக வேண்டும். நிமல் வீட்டு இலக்கத்தைக் கூப்பிடுவார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு பொலிஸ்காரர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமதிதான் வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் பின்பக்கத்தில் நிவாரணச் சாமானுக்கு வரிசையில் நின்றாளாம். இலக்கம் கூப்பிட்டதும் அக்காவே வந்தார். ஒரு கை சுவரில். மெலிந்துபோயிருந்தார். தலை இழுத்து வாராமல் சும்மா முடிந்திருந்தது. செருப்பில்லை. நான் முதலில் பார்த்தது கால் நகத்தைத்தான்.

பார்சலை வைத்துவிட்டு மூன்று அடி பின்னுக்குப் போனேன். அக்கா மேசைக்கு வந்து பையைத் தடவிப் பிடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்களுக்கு இடையில் ஓர் ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை.

"போஹோம ஸ்துதி நோனா," என்றார்.

என்னைச் சிங்களத்தியாக்கி, நோனா என்று ஒரு சீமாட்டியாக்கி, நன்றி சொன்னார்.

அக்கா என்று ஒரு சொல் போதும். ஆனால் அக்காவை எனக்குத் தெரியும். என் குரல் கேட்டால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிப்பிடிப்பார். சத்தம் போட்டு அழுவார். மேல் மாடிகளில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொலிஸ்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பத்துக்கு மூன்று பிள்ளைகள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போனார்.

வேனில் ஏறினதும் நிமல் கேட்டார், ஏன் அம்மே, வயிற்றில் நோவா என்று. ஓம் என்று சொன்னேன். அதுதான் அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

5. தொலைபேசியில்

பின்னேரம் அக்காவே எனக்குப் போன் எடுத்தார். போனில் கத்தித்தான் கதைப்பார்.

"உங்கட கடை இடியப்பம் சாப்பிட்டம். உப்பே இல்லை! ஆரடி பிழிஞ்சது?"

"தெரியேல்லை அக்கா."

"கொண்டுவந்த மனுசி நல்ல மனுசி. சிங்களப் பொம்பிளை போல. என்னைப் பார்த்துக் கும்பிட்டிட்டுப் போகுது. ஆரோ ஒருத்தி, இந்த நோய்க்குள்ள வந்து குடுத்திட்டுப் போறாள். நீயும் இருக்கிறியே! கூடப் பிறந்தனி. கிட்ட வரப் பயம் உனக்கு."

நான்தான் அக்கா அது என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் அடுத்த நிமிடம் மாடி முழுவதும் தெரியும், "என்ர தங்கச்சி வந்தவள்" என்று எல்லோருக்கும் சொல்லுவார். அந்தப் பொலிஸ்காரர் காதிலும் விழும். அடைத்தது திறக்கட்டும், நேரே போய்ச் சொல்லிச் சிரிப்போம் என்று நினைத்தேன். "பாதையைத் திறந்தோடன வாறன்," என்றேன்.

"திறப்பாங்கள், திறப்பாங்கள்," என்றார் அக்கா.

பாதை திறக்க முன்னம் அக்கா போய்விட்டார். கொரோனா இல்லை, நெஞ்சு வலி. விடிய சுமதி போன் எடுத்தாள். அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் தமிழ்ப் பிள்ளைதான். லிஸ்டைப் பார்த்தார். பெற்றோர், புருசன் பெண்சாதி, பிள்ளைகள்.

"கூடப் பிறந்தவை இதில இல்லையம்மா. நான் என்ன செய்ய? வேலை விசயமாப் போறதெண்டா கடைக் கடிதம் கொண்டுவாங்கோ, இப்பவே எழுதித் தாறன்."

அவர் உதவி செய்யத்தான் அப்படிச் சொன்னார். செத்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று எழுதச் சொல்வது? வெளியே வந்தேன். பிறகு கடைக்குப் போனேன். அங்கே போக எனக்கு அனுமதி இருந்தது. அன்றைக்கு ஒரு கலியாண வீட்டு ஓடர். மண்டபத்துக்கு இத்தனை பேர் வரலாம் என்று அந்தக் கிழமைதான் கூட்டியிருந்தார்கள். புஷ்பம் என் முகத்தைப் பார்த்துவிட்டு இடியப்ப உரலை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. கை வேலை செய்தால் நல்லது என்று இருந்தது.

திறந்த பிறகு சுமதியிடம் போனேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் அம்மா உங்களைத்தான் கேட்டவா சின்னம்மா. நீங்கள் ஒருக்கா வந்திருக்கலாம்," என்றாள். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொன்னால் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைப்பாளோ என்று பயந்தேன்.

அந்தப் பாஸ் பிறகு செல்லுபடியாகாமல் போய்விட்டது. முதலாளி அதையும் கண்ணாடிக் கதவுத் தாள்களோடு சேர்த்துக் கிழித்துப் போட்டார். அதைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதலாளியையும் பொலிஸையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு தாள் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை. நான் படித்தது ஒன்றுதான். சட்டம் அடுத்த கிழமை மாறும், ஆகையால் கதைக்க வேண்டியதைப் போனிலாவது அன்றைக்கே கதைத்துவிட வேண்டும். கதைத்திருந்தால் எட்டுக் குடும்பத்துக்கு என்ன வந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் கதைத்திருக்க வேண்டும்.

இதில் நாள், மாதம், எது முன்னம் அடைத்தது எது பின்னம் திறந்தது என்பதெல்லாம் பிழையாக இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அக்கா மேசைக்கு வந்து பார்சல் எடுத்தது எந்தக் கிழமை என்று சுமதிக்குத் தெரிந்திருக்கும். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நாலாவது பகுதியையும் ஐந்தாவது பகுதியையும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.