அப்பா பைக்கும் வீட்டு கேட்டும்

அப்பாவோட பழைய பிரிட்டிஷ் பைக்கை, காப்பார் டவுன்ல இருக்கிற பழைய இரும்புக் கடை சாமான்களை வச்சே வீட்டு போர்ச்சுல ஒருவழியா ரெடி பண்ணிட்டேன். இன்னைக்குக் காலையில ஸ்டார்ட் ஆச்சு. சந்தோஷம் வரும்னு பார்த்தேன். வரலை.

அம்மா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க. நசுக்கிட்டுக் கிளம்பினேன்.

கேட் கிட்ட வந்ததும், தினம் ஓட்டுற கப்சாய், அந்தச் சின்ன பைக் பழக்கத்துல வலது காலால பிரேக்கை மிதிச்சேன். இந்த பைக்குல அங்க இருக்கிறது கியர். பிரேக் இடது பக்கம்.

நேரா கேட்ல போய் இடிச்சேன்.

அம்மா ஓடி வந்து என்னைப் பார்த்தாங்க, கேட்டைப் பார்த்தாங்க. "உங்கப்பாவும் வாங்கின அன்னைக்கு இதே கேட்லதான்டா இடிச்சாரு"ன்னு சொல்லி, கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. அப்பா இறந்ததுக்கப்புறம் அவங்க சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்.

எனக்குச் சிரிப்பும் வரலை, அழுகையும் வரலை.

கிள்ளான்ல கேட் நிமிர்த்துறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க லா. அவசரம் இல்லை.